'பிக் அப்' என்னும் இரட்டைச் சொல்: சீன மாணவர்கள் தடுமாறுவது எங்கே?

தரையில் கிடந்த சாவியை எடுத்தாள். விமான நிலையம் போய் மாமாவை அழைத்து வந்தாள். ஷாங்காயில் குடியிருந்தபோது அந்த ஊர்ப் பேச்சு அவளுக்குத் தானாக வந்துவிட்டது. கூட்டமான ரயிலில் வந்ததில் சளி பிடித்துக்கொண்டது. கடையில் வியாபாரம் சூடுபிடித்தது. சாயங்காலம் காற்று வலுத்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தும் அவன் ஃபோனை எடுக்கவில்லை. இந்த ஏழு இடத்திலும் ஆங்கிலம் பேசுகிறவர் ஒரே வினையைப் போடலாம்: 'பிக் அப்'.

நமக்கு இது அவ்வளவு அந்நியமில்லை. 'ஸ்டேஷன்ல இரு, பிக்கப் பண்ணிக்கிறேன்' என்கிறோம். பைக்கில் பிக்கப் இல்லை என்று மெக்கானிக்கிடம் போய் நிற்கிறோம். படம் இரண்டாவது வாரத்தில்தான் பிக்கப் ஆனது என்கிறோம். மூன்றுக்கும் பொருள் வேறு என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. காதில் விழுந்தே பழகியவை. சீனாவில் பள்ளியில் ஆங்கிலம் படிக்கும் பெரும்பாலோருக்கு இந்தக் காதுவழிப் பழக்கம் வாய்ப்பதில்லை. 'பிக் அப்' அவர்களிடம் புத்தகம் வழியாக வருகிறது, அதுவும் ஒரு பட்டியலாக.

சீன மாணவர்களின் சொற்கையேடுகளில் இந்தச் சொல்லுக்கு எதிரே வழக்கமாக இருப்பது இதுதான்: 'ஜியென்ச்சி', அதாவது கீழே கிடப்பதை எடுப்பது, 'ஜியே', ஆளை எதிர்கொண்டு அழைத்து வருவது, 'ஷ்யுவே ஹுவெய்', கற்றுத் தேர்வது, 'ஷோவ்திங்', வானொலி அலைவரிசையைப் பிடித்துக் கேட்பது, 'ஹாவ்ஜுவான்', நிலைமை தேறுவது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓர் அரைப்புள்ளி. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எப்படி வந்தார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. மாணவர் ஐந்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறார். பரீட்சையில் ஆறாவது பொருள் வந்து நிற்கிறது.

பரீட்சையின் கனம் சாதாரணமில்லை. 2001 முதல் சீனாவில் ஆங்கிலம் தொடக்கப் பள்ளி மூன்றாம் வகுப்பிலேயே தொடங்குகிறது. கல்லூரிக்குள் நுழைய எழுதும் 'காவ்காவ்' தேர்வில் மொத்தம் 750 மதிப்பெண் என்றால் பொதுவாக ஆங்கிலத்துக்கு மட்டும் 150. கோடிட்ட இடத்துக்குக் கீழே 'டேக் அப்', 'பிக் அப்', 'மேக் அப்', 'புட் அப்' என்று நான்கு விடையை வரிசையாக அடுக்கி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியைப் பல தலைமுறை மாணவர்கள் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். நான்கிலும் பொதுவாக இருக்கும் 'அப்' என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லித்தராமல் இந்தக் கேள்வியைக் கேட்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஒரு வினையும் 'அப்' போன்ற ஒரு சிறுசொல்லும் சேர்ந்த இப்படிப்பட்ட இரட்டை வினைகள் ஆங்கிலத்தில் மூலையில் கிடப்பவை என்றால் விட்டுவிடலாம். கார்ட்னர், டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் ஆங்கில எழுத்தையும் பேச்சையும் திரட்டி வைத்த, பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியத் தொகுப்பை அலசி 2007இல் வெளியிட்ட கட்டுரையில், மிக அதிகம் புழங்கும் 100 இரட்டை வினைகளை வரிசைப்படுத்தினார்கள். 'பிக் அப்' அதில் நான்காவது. அந்த நூறுக்கும் அகராதிப் பொருளைக் கூட்டிப் பார்த்தபோது, ஒரு வினைக்குச் சராசரியாக ஐந்தரைக்கு மேல் பொருள் வந்தது. 'பிக் அப்' அந்தச் சராசரியைத் தாண்டி வெகுதூரம் போகும் ரகம்.

இவற்றைச் சீன மாணவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? பெரும்பாலும் ஒதுங்கிப் போய்விடுகிறார்கள். 'பிக் அப்' வர வேண்டிய இடத்தில் 'கலெக்ட்', 'இம்ப்ரூவ்', 'லேர்ன்' என்று ஒற்றைச் சொல் வந்துவிடும். இலக்கணப் பிழை இருக்காது. ஆனால் நண்பனோடு பேசும்போதும் விண்ணப்பம் எழுதுவது போல ஒலிக்கும். லியாவ், ஃபுகுயா இருவரும் 2004இல் சீன மாணவர்களை வைத்து இதை ஆராய்ந்தார்கள். இடைநிலையில் இருப்பவர்கள்தான் அதிகம் தவிர்க்கிறார்கள், நேர்ப்பொருளைவிட மறைபொருள் கொண்டவற்றைக் கூடுதலாகத் தவிர்க்கிறார்கள் என்று தெரிந்தது. நன்கு தேர்ந்தவர்களிடம் இந்தத் தயக்கம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது.

ஏன் தவிர்க்கிறார்கள் என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில், 'சீன மொழியில் இப்படிப்பட்ட வினையே இல்லை' என்பது. 1985இல் ஹீப்ரு பேசும் மாணவர்களை ஆராய்ந்த டாகட், லாஃபர் இருவரும் இதே காரணத்தைத்தான் ஹீப்ருவுக்குச் சொன்னார்கள். ஆனால் நான்கே ஆண்டில், 1989இல், நெதர்லாந்து மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு அந்தப் பதிலை ஆட்டம் காணச் செய்தது. டச்சு மொழியில் இதே வகை வினைகள் ஏராளம். இருந்தும் அந்த மாணவர்களும் மறைபொருள் கொண்டவற்றைக் கண்டு தயங்கினார்கள். அப்படியானால் பொருள் பிடிபடாததுதான் தயக்கத்துக்குப் பெரிய காரணம். சீனத்தில் இப்படிப்பட்ட வினை இல்லை என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆங்கிலத்துக்கு 'அப்' செய்கிற வேலையில் பெரும்பகுதியைச் சீனத்துக்கு 'ச்சிலாய்' செய்கிறது.

'ச்சி' என்றால் எழுவது, 'லாய்' என்றால் வருவது. 'நா' என்ற வினையோடு சேர்ந்து 'நா ச்சிலாய்' ஆனால் கையில் தூக்குவது. 'ஜான் ச்சிலாய்' எழுந்து நிற்பது. இதுவரை கண்ணுக்குத் தெரிகிற அசைவுதான். இதே சொல் பெயரடையோடு சேர்ந்து 'ஹாவ் ச்சிலாய்' ஆகும்போது நிலைமை மெல்லத் தேறுகிறது என்று பொருள். காற்று பலமாக வீசத் தொடங்கினால் 'ஃபெங் தா ச்சிலாய் ல' என்பார்கள். தமிழில் சொன்னால், காற்று பெரிதாக எழுந்து வருகிறது. வியாபாரம் பிக் அப் ஆவதும் காற்று பிக் அப் ஆவதும் சீனச் சிறுவனுக்குத் தாய்மொழியிலேயே தெரிந்த நடை. கீழிருந்து மேலே போகும் அசைவை, மந்தமாக இருந்தது வேகம் பிடிப்பதற்கு எடுத்துக்கொண்டு போவதில் இரண்டு மொழிகளும் கைகோத்துக்கொண்டுதான் நடக்கின்றன. கையேட்டின் 'ஹாவ்ஜுவான்' இந்த ஒற்றுமையை மறைத்துவிடுகிறது. அது சரியான சொல்தான். ஆனால் அதில் 'எழுவது' இல்லை, 'திரும்புவது'தான் இருக்கிறது.

இதற்காக 'அப்' வரும் இடமெல்லாம் 'ச்சிலாய்' என்று சமன்பாடு போட்டுவிடவும் கூடாது. 'ஷியாங்' என்றால் நினைப்பது. 'ஷியாங் ச்சிலாய்' என்றால் மறந்திருந்தது நினைவுக்கு வருவது. ஆங்கிலத்தின் 'திங்க் அப்' அது இல்லை. புதிதாக ஒன்றை யோசித்துக் கண்டுபிடிப்பது. அதற்குச் சீனர்கள் 'ஷியாங் ச்சூலாய்' என்பார்கள், அதாவது யோசனையிலிருந்து வெளியே வருவது. 'கான்' என்றால் பார்ப்பது. 'கான் ச்சிலாய்' என்றால் 'பார்த்தால் இப்படித் தோன்றுகிறது'. 'லுக் அப்' என்றாலோ அகராதியைப் புரட்டித் தேடுவது. இயந்திரம் ஒன்றுதான், உதிரிபாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. நல்ல ஆசிரியர் இயந்திரத்தைக் காட்டிவிட்டு உதிரிபாகங்களில் எச்சரிக்கையாக இருக்கச் சொல்வார்.

'அப்' பற்றி இவ்வளவு. 'பிக்' பக்கம் போனால் இன்னும் சுவையான ஒன்று இருக்கிறது, அதைத்தான் அகராதிகள் பெரும்பாலும் கோட்டைவிடுகின்றன. இந்த வினையின் பழைய பொருள் கூர்முனையால் குத்துவது, கொத்துவது. அதிலிருந்து விரல்நுனியால் பறிப்பது, பொறுக்குவது என்று வளர்ந்தது. பொறுக்குகிற பொருள் சின்னதாக இருக்கும், வழியில் கிடக்கும், அதற்கென்று ஒருவர் தனியாகப் புறப்பட்டுப் போயிருக்க மாட்டார். இந்த லேசுத்தன்மை 'பிக் அப்' போகிற பல இடங்களுக்குக் கூடவே போகிறது. வீட்டுக்கு வரும் வழியில் பால் பாக்கெட் பிக் அப் செய்யலாம். வீட்டுமனை வாங்குவதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. சளியும் சில கெட்ட பழக்கங்களும் பிக் அப் ஆகும், புற்றுநோய் ஆகாது. ஒரு மொழியை பிக் அப் செய்தேன் என்றால், புத்தகம் வைத்து உட்கார்ந்து படிக்கவில்லை, சந்தையிலும் தெருவிலும் கேட்டுக் கேட்டு வந்தது என்று பொருள்.

இப்போது கையேட்டின் 'ஷ்யுவே ஹுவெய்'யைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். 'ஷ்யுவே' என்றால் படிப்பது, 'ஹுவெய்' என்றால் செய்ய இயலுவது. படித்து, பயிற்சி எடுத்து, கடைசியில் கைவந்துவிட்டது என்பதுதான் இந்தச் சொல்லின் உயிர். உழைப்பும் விளைவும் இரண்டும் அதற்குள் இருக்கின்றன. 'பிக் அப்' சொல்வதோ ஏறக்குறைய எதிர்ப்புறம். கையேட்டை நம்பிய ஒரு மாணவர் வேலை விண்ணப்பத்தில், 'பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு படித்து ஆங்கிலத்தை பிக் அப் செய்தேன்' என்று எழுதினால், படிக்கிற அதிகாரிக்கு அது 'போகிற போக்கில் கொஞ்சம் ஆங்கிலம் ஒட்டிக்கொண்டது' என்பது போலக் கேட்கும். தன் உழைப்பைப் பெருமையாகச் சொல்ல நினைத்தவர், அறியாமலே அதைக் குறைத்துச் சொல்லிவிடுகிறார். இலக்கணப் பிழை எதுவும் இல்லாததால் திருத்தவும் ஆள் இருக்காது. இந்த வகைப் பிழைதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது.

விசித்திரம் என்னவென்றால் அந்த லேசுத்தன்மைக்கும் சீனத்தில் சொல் இருக்கிறது. கீழே கிடப்பதைப் பொறுக்கும் 'ஜியென்' என்ற வினையையே பாருங்கள். மலிவாக ஒரு பொருள் தற்செயலாகக் கிடைத்தால் 'ஜியென் பியென்யி' என்பார்கள். மலிவைப் பொறுக்கினான் என்று நேர்ப்பொருள். பழம்பொருள் வியாபாரத்தில் இது 'ஜியென்லோவ்' ஆகிறது. பெய்ஜிங்கின் பான்ஜியாயுவான் சந்தையில் பழைய பீங்கானும் காசும் நாணயமும் பரப்பி வைத்திருக்கும் கடைகளில், விற்பவர் கண்ணுக்குத் தப்பிய அசல் சரக்கைக் கண்டுபிடித்து அற்ப விலைக்கு வாங்கிவிடுவதுதான் ஜியென்லோவ். ஆங்கிலத்தில் இதை 'பிக் அப் அ பார்கெய்ன்' என்பார்கள். இரண்டு மொழியும் தனித்தனியாக ஒரே உருவகத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இதைச் சொல்லிக் கொடுத்தால் மாணவர் முகத்தில் வெளிச்சம் வருவதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

'ஜியென்'னில் இன்னொரு பொறியும் உண்டு. படித்து மறந்துபோன ஆங்கிலத்தை மறுபடி தூசுதட்டி எடுப்பதைச் சீனர்கள் 'ஜியென் ச்சிலாய்' என்றே சொல்வார்கள். நழுவவிட்டதைத் திரும்பப் பொறுக்கிக்கொள்வது. ஆங்கிலத்திலும் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு 'பிக் அப்' உண்டு, ஆகவே அங்கே இரண்டும் அழகாகப் பொருந்துகின்றன. ஆனால் 'கொஞ்சம் ஸ்பானிஷ் பிக் அப் செய்தேன்' என்று ஒருவர் சொன்னால், முன்பு தெரிந்து மறந்திருந்தார் என்று சீன மாணவர் எடுத்துக்கொள்ளக்கூடும். சொன்னவருக்கோ அதற்கு முன் ஸ்பானிஷில் ஒரு சொல்கூடத் தெரிந்திருக்காது. மறுபடி எடுப்பதற்கு ஆங்கிலம் 'பேக்' அல்லது 'அகெய்ன்' என்று தனியாக ஒரு துணைச்சொல்லைக் கேட்கும்.

அடுத்தது சொல்வரிசை. 'பிக் அப் த புக்' என்றும் 'பிக் த புக் அப்' என்றும் சொல்லலாம். புத்தகத்தை 'அது' என்று சொல்லிவிட்டால் மட்டும் 'பிக் இட் அப்' ஒன்றுதான் செல்லும். 'பிக் அப் இட்' பிழை. சீன மாணவர்கள் இதில் அடிக்கடி வழுக்குகிறார்கள். ஆங்கில வாக்கியம் தன் கடைசி இடத்தைப் புதிய செய்திக்காக வைத்திருக்க விரும்பும். 'அது' என்பது இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்த பொருள், அதனால் நடுவில் ஒடுங்கிக்கொள்கிறது. சீனமும் கிட்டத்தட்ட இதையே செய்கிறது. 'அதை எடு' என்பதற்கு இயல்பான சீன வாக்கியம் 'பா தா ஜியென் ச்சிலாய்'. 'பா' என்ற சிற்றுருபு, தெரிந்த பொருளை, இங்கே 'அது' என்னும் 'தா'வை, வினைக்கு முன்னால் இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. 'தா'வைக் கடைசியில் தள்ளி 'ஜியென் ச்சிலாய் தா' என்றால் சீனர்கள் காதுக்கே உதைக்கும்.

நடுவில் பிளப்பதும் அவர்களுக்குப் புதிதில்லை. மழை பிடித்துக்கொண்டது என்பதை 'ஷியா ச்சி யூ லாய்' என்பார்கள். 'ச்சிலாய்' இரண்டாகப் பிளந்து, மழையைக் குறிக்கும் 'யூ' நடுவில் உட்கார்ந்திருக்கிறது. தன் தாய்மொழியில் நாள்தோறும் செய்கிற காரியத்தையே ஆங்கிலம் கேட்கிறது என்பதை வகுப்பில் யாராவது எடுத்துச் சொன்னால், விதி எண் இத்தனை என்று மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

எழுத்தில் தெரிந்துகொண்ட பிறகும் காதில் ஒரு தடை பாக்கி. வேகமாகப் பேசும்போது 'பிக் இட் அப்' மூன்று சொல்லாகக் கேட்பதில்லை, 'பிக்கிட்டப்' என்று ஒரே மூச்சில் வந்துவிடும். சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் ஓர் அசை உயிரொலியில் முடியும், இல்லையென்றால் மூக்கொலியிலோ நாமடி ரகரத்திலோ முடியும். க், ட், ப் என்று அடைத்து முடியும் அசை அதில் கிடையாது. அதனால் ஒரு சொல்லின் கடைசி 'க்' அடுத்த சொல்லின் தலையில் ஏறிக்கொள்ளும்போது, எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கியது என்பது பிடிபடுவதில்லை. தென் சீனாவின் கான்டனீஸ் பேசுகிறவர்களுக்கு இந்த அடைப்பொலிகள் தாய்மொழியிலேயே உண்டு என்பதால் அவர்களுக்கு ஓரளவு சுலபம்.

பாடப்புத்தகத்துக்கு வெளியேயும் 'பிக் அப்' சீனாவுக்குள் வந்திருக்கிறது, வேறு வேடத்தில். பின்பக்கம் திறந்த சரக்கு வண்டிக்கு அங்கே 'பீகா' என்று பெயர். ஆங்கில ஒலியை அப்படியே எடுத்துக்கொண்டதுதான். பெண்களிடம் வலியப் பேசி மயக்கும் 'பிக் அப் ஆர்ட்டிஸ்ட்' என்ற தொடர் முதலெழுத்துகளாகச் சுருங்கி 'பியூஏ' ஆனது. பிறகு பொருளே மாறி, ஒருவரை மட்டம் தட்டித் தட்டியே தன் பிடியில் வைத்திருப்பதைக் குறிக்கும் வினையாகிவிட்டது. 'முதலாளி என்னை பியூஏ செய்கிறார்' என்று அலுவலகத்தில் இளைஞர்கள் புலம்புவது இன்று சர்வசாதாரணம். 2018இல் பாடகியர் குழுவுக்கு ரசிகர்கள் வாக்களிக்கும் ஒரு நிகழ்ச்சி பெரும்புகழ் பெற்றபோது, தனக்குப் பிடித்தவரை ஆதரிப்பதற்கு 'பிக்' என்ற ஆங்கிலச் சொல்லே இணையச் சீனத்தில் வினையானது. ஆக, ஓர் இளைஞருக்கு பீகாவும் பியூஏவும் பிக்கும் அத்துபடியாக இருக்கும். மூன்றையும் பாடப்புத்தக 'பிக் அப்'போடு சேர்த்துப் பார்க்கத்தான் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

எத்தனை பொருளைத்தான் கற்றுக்கொடுப்பது என்ற கேள்விக்கு ஓரளவு பதில் இருக்கிறது. கார்னியர், ஷ்மிட் இருவரும் 2015இல் 150 இரட்டை வினைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பில் வருகிற இடங்களில் குறைந்தது முக்கால் பங்கைத் தழுவுகிற முக்கியப் பொருள்களை மட்டும் தொகுத்தார்கள். பெரும்பாலான வினைகளுக்கு ஒன்றிரண்டு பொருளிலேயே வேலை முடிந்துவிடுகிறது. 'பிக் அப்'பில் கையில் எடுப்பதையும், போய் அழைத்து அல்லது வாங்கி வருவதையும் முதலில் உறுதியாக்கிவிடலாம். போகிற போக்கில் ஒட்டிக்கொள்ளும் பொருள்களை 'ஜியென்'னோடும், வேகம் பிடிக்கும் பொருள்களை 'ச்சிலாய்'யோடும் கோத்துவிட்டால், புதிதாக ஒன்று எதிர்ப்படும்போது மாணவர் தானே ஊகிக்க ஆரம்பிப்பார்.

எல்லாம் இந்தக் கோவைக்குள் அடங்கிவிடும் என்று சொல்ல மாட்டேன். போலீஸ் ஒருவரை பிக் அப் செய்தது என்றால் பிடித்துக்கொண்டு போனது. மாமாவை அழைத்து வரும் அதே வினை இவ்வளவு கடுமையாகும் என்று எந்தச் சீனச் சொல்லும் முன்கூட்டிச் சொல்லாது. அமெரிக்கத் தாய் பிள்ளையிடம் அறையை பிக் அப் செய்யச் சொன்னால் இறைந்து கிடப்பதை ஒழுங்குபடுத்தச் சொல்கிறாள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அந்த வழக்கு அரிது. இவற்றை ஒவ்வொன்றாகத்தான் பழக வேண்டும். அப்படிப் பழக வேண்டியவற்றில் சீன மாணவருக்கு உடனே உதவக்கூடியது உணவகக் கணக்குப் பொருள். விருந்து முடிந்ததும் பில்லுக்காக ஆளுக்கு ஆள் போட்டியிட்டுக் கைநீட்டும் நாட்டிலிருந்து வருகிறவர், 'ஐ வில் பே' என்று மட்டும் சொல்லாமல் 'ஐ'ல் பிக் அப் த பில்' என்று சொல்லத் தெரிந்து வைத்திருந்தால், வெளிநாட்டு நண்பரின் கை பர்ஸுக்குப் போவதற்குள் காரியத்தை முடித்துவிடலாம்.